ஒட்டும் டம்ளர், ஒட்டாத டம்ளர்: காந்தம் எங்கிருந்து வருகிறது?

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் ஒரு சின்னக் குழப்பம். அம்மா பல வருடமாகப் பால் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரத்தை அதன்மேல் வைத்தார். அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. அலமாரியிலிருந்து இன்னொரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து வைத்ததும் பேசாமல் வேலை செய்தது. இரண்டுக்கும் ஒரே பளபளப்பு, ஏறக்குறைய ஒரே கனம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து இரண்டின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். அடுப்பு ஏற்றுக்கொண்ட பாத்திரத்தில் 'டக்' என்று ஒட்டியது. பால் பாத்திரத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது.

"காந்தம் ஒட்டினா அது மட்டமான எவர்சில்வர்னு பாத்திரக்கடையில சொல்வாங்களே! இங்க அதுதானே வேலை செய்யுது?" என்றார் அம்மா.

நல்ல கேள்வி. பள்ளியில் நாம் படித்தது 'காந்தம் இரும்பை ஈர்க்கும்' என்ற ஒரு வரி. எவர்சில்வரில் ஏறக்குறைய முக்கால் பங்கு இரும்புதான். அப்படியானால் இரண்டு பாத்திரத்திலும் ஒட்ட வேண்டாமா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே காந்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மின்சாரம் ஓடினால் காந்தம்

1820ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். மேசைமேல் பேட்டரியோடு இணைத்த ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு திசைகாட்டி. கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் திசைகாட்டியின் முள் லேசாக அசைந்து திரும்பியது. மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று பெரும்பாலோர் நினைத்திருந்த காலம் அது. அந்தச் சின்ன அசைவு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு திசைகாட்டி, டார்ச் பேட்டரி ஒன்று, ஒரு செம்புக் கம்பி போதும். கம்பியைத் திசைகாட்டிக்குமேல் வடக்கு தெற்காகப் பிடித்து, அதன் இரண்டு நுனியையும் பேட்டரியின் இரு முனையில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். அதற்குமேல் வேண்டாம், கம்பி சூடாகிவிடும். முள் துள்ளித் திரும்பும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தால் முள்ளும் எதிர்ப்பக்கம் திரும்பும். செம்பில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் மின்சாரம் ஓடும்வரை அந்தச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கிறது.

சரி, காந்தத்துக்குக் காரணம் ஓடும் மின்சாரம் என்றால், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தில் எங்கே மின்சாரம் ஓடுகிறது? ஓர்ஸ்டெட் கண்டதைக் கேள்விப்பட்ட சில வாரங்களிலேயே பிரான்சில் ஆந்த்ரே மரி ஆம்பியர் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார். காந்தத்துக்குள்ளும் மிகச் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். எலெக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் செய்த ஊகம். உண்மைக்கு வியக்கத்தக்க அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். அணுவுக்குள் அது இயங்குவதால் கொஞ்சம் காந்தத்தன்மை வருகிறது. அதன் 'ஸ்பின்' என்ற உள்ளார்ந்த பண்பால் இன்னும் கொஞ்சம் வருகிறது. தமிழில் தற்சுழற்சி என்கிறோம். பெயரைப் பார்த்துப் பம்பரம்போல் சுற்றுவதாக எண்ணிவிட வேண்டாம். எடை, மின்னூட்டம் மாதிரி அதுவும் எலெக்ட்ரானோடு பிறந்த ஒரு குணம், அவ்வளவுதான். பெரும்பாலான அணுக்களில் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். இரும்பு அணுவில் அப்படி இல்லை. அதில் நான்கு எலெக்ட்ரான்கள் ஜோடி இல்லாமல் நிற்கின்றன. அதனால் இரும்பு அணு ஒவ்வொன்றும் ஒரு காந்தம்.

ஆனால் அணு தனியாகக் காந்தமாக இருந்தால் மட்டும் போதாது. அக்கம்பக்கத்து அணுக்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றில் அப்படி நிற்பதுதான் அணுக்களுக்கு வசதியான நிலை. கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே திசையில் அணிவகுத்து ஒரு கூட்டமாகின்றன. இந்தக் கூட்டத்துக்கு டொமைன் என்று பெயர். ஒரு சாதாரண ஆணியில் ஏராளமான டொமைன்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். அதனால்தான் ஆணி காந்தமாக இருப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் அந்தப் பக்கம் பார்க்கும் டொமைன்கள் பெரிதாகும், மற்றவை சுருங்கும். அந்த நேரத்துக்கு ஆணியும் காந்தமாகி ஒட்டிக்கொள்ளும்.

தையல் ஊசியை ஒரு காந்தத்தில் ஒரே பக்கமாக முப்பது, நாற்பது தடவை தேய்த்துப் பாருங்கள். ஊசியின் எஃகு கடினமானது. அதில் ஒருமுறை திரும்பிய டொமைன்கள் சுலபமாகப் பழைய நிலைக்குப் போவதில்லை. ஊசியே காந்தமாகிவிடும். ஒரு காய்ந்த இலைமேல் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெதுவாகச் சுழன்று வடக்கு தெற்காக நிற்கும். அதே ஊசியை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் காந்தம் போய்விடும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ். பியேர் கியூரியின் பெயரால் கியூரி வெப்பநிலை என்பார்கள். அதற்குமேல் அணுக்கள் அதிரும் அதிர்ச்சியில் அணிவகுப்பு குலைந்துவிடும்.

இப்போது பால் பாத்திரத்துக்கு வருவோம். எவர்சில்வரில் பல வகை உண்டு. 304 என்ற எண் போட்டது ஒன்று. அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்திருக்கும். நிக்கல் தன்னளவில் காந்தத்துக்கு ஒட்டும் உலோகம். இரும்போடு அந்த அளவில் சேரும்போது அது அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையையே மாற்றிவிடுகிறது. புது அடுக்கில் பக்கத்து அணுக்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்பதில்லை. ஒட்டும் இரும்பும் ஒட்டும் நிக்கலும் சேர்ந்து ஒட்டாத உலோகம் ஒன்று பிறக்கிறது! எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை. 430 என்ற வகையில் நிக்கல் சேர்ப்பதில்லை. அதில் இரும்பின் பழைய அடுக்கு அப்படியே இருப்பதால் காந்தம் ஒட்டும்.

ஆகவே, பாத்திரக்கடையில் சொல்வது பாதி உண்மை. ஒட்டாத 304 வகைக்கு உப்பையும் புளியையும் தாங்கும் சக்தி கொஞ்சம் அதிகம், விலையும் அதிகம். அதற்காக ஒட்டுவது போலி என்று ஆகாது. அதுவும் எவர்சில்வர்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்கென்று வரும் பல பாத்திரங்களில் உட்பக்கம் காந்தம் ஒட்டாத வகை, அடியில் காந்தம் ஒட்டும் தகடு என்று இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். இன்னொன்றையும் கவனித்தேன். ஒட்டாத டம்ளரின் மடித்த விளிம்பில் காந்தம் லேசாகப் பிடிக்கிறது. தகட்டை அழுத்தி வளைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் அணுக்களின் அடுக்கு கொஞ்சம் மாறி, காந்தத்தன்மை எட்டிப்பார்க்கிறது. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

காந்தம் மாறினால் மின்சாரம்

ஒட்டாத பாத்திரத்தை அடுப்பு ஏன் வேண்டாம் என்கிறது? அதற்கு 1831க்குப் போக வேண்டும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு சுருளில் மின்சாரம் விட்டால் இன்னொன்றில் ஏதாவது வருமா என்பது அவர் கேள்வி. மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்றும் வரவில்லை. இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டும் இரண்டாவது சுருளோடு இருந்த முள் துடித்தது. காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது, காந்தம் மாறும்போதுதான் வரும். கொல்லர் வீட்டில் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பார்த்து, தானாகப் படித்து மேலே வந்த மனிதர் கண்டுபிடித்தது இது. இன்று உலகத்தின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே விதியால்தான் கிடைக்கிறது.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடித் தட்டுக்கு அடியில் தட்டையாகச் சுற்றிய ஒரு செம்புச் சுருள் இருக்கிறது, முறுக்கு பிழிந்து வைத்த மாதிரி. அதில் மின்னோட்டம் ஒரு நொடிக்கு இருபதாயிரம் தடவைக்குமேல் திசை மாறி ஓடுகிறது. அதோடு காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் காந்தப்புலம் மேலே இருக்கும் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. ஆற்றுச் சுழல்போல் அது உலோகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுவதால் சுழல் மின்னோட்டம் என்று பெயர். அந்த ஓட்டத்துக்கு உலோகம் தரும் தடைதான் சூடாக மாறுகிறது. அடுப்பு சூடாவதில்லை, பாத்திரம்தான் சூடாகிறது. தட்டு சுடுவதுகூடப் பாத்திரத்திலிருந்து இறங்கிய சூட்டால்தான்.

காந்தத்துக்கு ஒட்டும் பாத்திரத்தில் இந்தச் சுழல் மின்னோட்டம் அடிப்பரப்பின் மெல்லிய தோலுக்குள் நெருக்கியடித்து ஓடும். நெருக்கடி கூடினால் தடையும் கூடும், சூடும் கூடும். அலுமினியம், செம்பில் அது தாராளமாகப் பரவி ஓடும். தடையும் மிகக் குறைவு. சூடு சரியாக ஏறாது. ஒட்டாத எவர்சில்வரும் காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்காது. தன்மேல் பொருத்தமான பாத்திரம் இல்லை என்று உணர்ந்துதான் அடுப்பு கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அதனால் கடைக்குப் போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியில் பலமாக ஒட்டினால் வாங்கலாம்.

ஃபாரடேயின் விதியைக் கையால் உணர இன்னொரு வழி இருக்கிறது. திரைச்சீலை மாட்டும் அலுமினியக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதற்குள் நுழையும் அளவுக்குச் சின்ன, சக்தி வாய்ந்த காந்தம் ஒன்றை மேலிருந்து விடுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் அரை நொடிக்குள் விழுந்துவிடும். காந்தமோ தேனுக்குள் இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கும். குழாயில் அது ஒட்டவே இல்லை. விழும் காந்தம் குழாயில் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது, அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, விழுவதைத் தடுக்கிறது. குழந்தைகளுக்கு ஒருமுறை இதைக் காட்டிவிட்டால் போதும், நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மின்நிலையத்தில் நடப்பதும் இதுதான், அளவு மட்டும் பெரிது. கூடங்குளத்தில் நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது, அதோடு ஒரு ராட்சத மின்காந்தம் கம்பிச் சுருள்களுக்கு நடுவே நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 50 சுற்று. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது இந்தச் சுழற்சியின் கணக்கு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் கேட்குமே, அதுவும் காந்தத்தின் குரல்தான். காந்தமாகும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு நீளம் மாறும். உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு தடவை, அதாவது நொடிக்கு 100 தடவை, இப்படி அதிர்வதால் அந்த ஒலி வருகிறது.

இதைத் திருப்பிப் போட்டால் மோட்டார். காந்தப்புலத்துக்குள் மின்சாரம் ஓடும் கம்பியை வைத்தால் அதை ஏதோ ஒன்று தள்ளும். மிக்சி, கிரைண்டர், மெட்ரோ ரயில் எல்லாம் அந்தத் தள்ளலில் ஓடுகின்றன. ஒலிபெருக்கியில் அந்தத் தள்ளல் ஓர் அட்டைக் கூம்பை அசைத்துச் சத்தமாகிறது. சாதாரணக் கூரை மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி என்ற புது வகை விசிறிகள் 30 வாட்டை ஒட்டி எடுக்கின்றன. பழைய விசிறியில் சுழலும் பாகத்தில் காந்தத்தை உண்டாக்கவே மின்சாரம் செலவாகும், அதில் கொஞ்சம் சூடாகவும் வீணாகும். புதியதில் அந்த இடத்தில் நிலையான காந்தங்களே இருக்கின்றன. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் விசிறி என்றால் மாதம் ஏறக்குறைய 16 யூனிட் மிச்சம்.

மணலும் பூமியும்

சின்ன வயதில் பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மணலில் உருட்டி விளையாடாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கருப்பாக, முள்ளம்பன்றி மாதிரி அதில் தூள் சிலிர்த்து நிற்கும். 'இரும்புத்தூள்' என்போம். பெரும்பாலும் அது மேக்னடைட் என்ற தாது, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. சேலம் பக்கத்தில் கஞ்சமலையின் இரும்புத்தாதுவும் இதே மேக்னடைட்தான். பாறை தேய்ந்து மணலாகும்போது அதுவும் துகளாகக் கலந்துவிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்று இன்னொரு தாது உண்டு. கைக்காந்தத்துக்கு அது வராது. ஆனால் அதற்குள் நியோடிமியம் என்ற அரிய உலோகம் இருக்கிறது. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் சேர்த்து உலகத்தின் மிகச் சக்தி வாய்ந்த நிலைக்காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே செய்துகாட்டினார்கள். காதில் மாட்டும் இயர்போன் முதல் மின்சார ஸ்கூட்டரின் மோட்டார்வரை இன்று அதை நம்பித்தான் இருக்கின்றன.

பூமியும் ஒரு காந்தம் என்று 1600ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் சொல்லிவிட்டார். ஆனால் பூமியின் நடுவே ஒரு பெரிய காந்தக் கட்டி கிடப்பதாக நினைக்கக்கூடாது. அங்கே கியூரி வெப்பநிலையைப் போலப் பல மடங்கு சூடு. நம் ஊசிக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்கும் வெளி உட்கருவில் உருகிய இரும்பு கொதித்துப் புரண்டுகொண்டே இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் அந்தக் குழம்பின் ஓட்டம் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதுவே காந்தப்புலத்தையும் தாங்கி நிற்கிறது.

இந்தப் புலத்தின் கோடுகள் வடக்கே போகப் போகத் தரைக்குள் சாய்கின்றன. நூலில் சமமாகக் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி டெல்லியில் 40 டிகிரிக்குமேல் தலை கவிழும். திருநெல்வேலிப் பக்கம் ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். காரணம், காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவ கிராமத்தை 1960களின் தொடக்கத்தில் ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். அந்தக் கோட்டுக்கு மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. அதை அளக்க அங்கிருந்துதான் போக வேண்டும்.

ஸ்கேன் அறை வாசலில்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்களிடம் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டாதே, பிறகு ஏன் என்று கோபப்படுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சங்கிலியில் நம் வீடுகளில் வேறு என்ன தொங்கும்? இரண்டு, மூன்று ஊக்கு. அவசரத்துக்கு உதவும் என்று மாட்டி வைத்த இரும்பு ஊக்கு. காந்தப்புலத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள். ஸ்கேன் இயந்திரங்களில் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்தங்கள்தான் மிகப் பரவலானவை. 1.5 டெஸ்லா என்பது தமிழ்நாட்டில் நாம் நிற்கும் இடத்தில் இருக்கும் பூமியின் புலத்தைப் போல முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கும் மேல். ஊக்கு அதில் அம்பாகப் பறக்கும். ஊக்கே இல்லாத தங்கச் சங்கிலிகூட ரேடியோ அலையால் சூடாகலாம், படத்தையும் கெடுக்கலாம். கழற்றிவிடுவதுதான் சரி.

உள்ளே நடப்பது இது. நம் உடம்பில் தண்ணீர் அதிகம், தண்ணீரில் ஹைட்ரஜன் அதிகம். ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் படுத்ததும் அவற்றில் பத்து லட்சத்துக்குச் சில மட்டும் கூடுதலாக ஒரே பக்கம் சாய்கின்றன. அவ்வளவு குறைவு, ஆனால் உடம்பில் அணுக்கள் கணக்கில்லாமல் இருப்பதால் அது போதும். 1.5 டெஸ்லாவில் நொடிக்கு சுமார் 6.4 கோடி தடவை அதிரும் ரேடியோ அலை ஒன்றைச் செலுத்தினால் அவை தடுமாறும். அலையை நிறுத்தியதும் திரும்பப் பழைய நிலைக்கு வரும்போது மெல்லிய ரேடியோ குறிப்பு ஒன்றை அனுப்பும். கொழுப்பில், மூளையில், வீங்கிய தசையில் அந்தத் திரும்பும் நேரம் வெவ்வேறு. அதை வைத்துத்தான் படம். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லவே இல்லை. காதைப் பிளக்கும் டக்டக் சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். எந்த இடத்திலிருந்து குறிப்பு வருகிறது என்று அறிய வேறு சில சுருள்களில் மின்சாரத்தை வேகமாக மாற்றுவார்கள். ஒலிபெருக்கியில் நடக்கும் அதே தள்ளல் அந்தச் சுருள்களை அதிரவைக்கிறது.

முக்கியமான ஒன்று. அந்தக் காந்தம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிய அதன் கம்பிக்கு மின்தடையே கிடையாது, ஒருமுறை விட்ட மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் முடிந்தாலும், கரண்ட் போனாலும் காந்தம் அப்படியே இருக்கும். 2018இல் மும்பையில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய் உயிரிழந்தார். ஊழியர் சொல்லாமல் அந்தக் கதவைத் தாண்டவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் கிளிப், பழைய அறுவை சிகிச்சைத் தகடு எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று. பொம்மைகளில் வரும் மிளகளவு நியோடிமியக் காந்த உருண்டைகளைப் பிள்ளைகள் விழுங்கிவிடுவதுண்டு. ஒன்று மட்டும் போனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், குடல் ஓட்டையாகிவிடும். வெளியே குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும், வயிற்றுவலி பிறகுதான் வரும். ஆகவே எத்தனை விழுங்கியது என்று எண்ணிக்கொண்டிருக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை 'காந்தம்'. அப்போதுதான் எக்ஸ்ரே எடுப்பார்கள், எம்.ஆர்.ஐ. பக்கம் கொண்டுபோக மாட்டார்கள்.